வளையத்தைத் திறந்து பார்த்த மெங்

மெங் தேகுய் பயப்படக் காரணம் தேவையில்லை. மின்விசிறி முனகினால் கட்டிலை நகர்த்திப் போடுவார். சீனாவின் லெலிங் பக்கத்து இலந்தைக்காரர்களில் அறுபது வயதுவரை மரத்தில் கத்தி வைக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

இலந்தை பூக்கும்போது ஊரே மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரிக்கும். வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டேயிருக்கும். இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த வழியை அறுத்துவிட்டால் சாப்பாடு மேலேயே தங்கி, பூ உதிராமல் காயாகும். வேருக்குப் பட்டினி. ஒரு மாதத்துக்குள் புதுத்தோல் வளர்ந்து இரண்டு கரையும் சேர்ந்தால் மரம் பிழைக்கும், சேராவிட்டால் சாகும். மெங்கின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழும்.

வருஷா வருஷம் வெட்டுவது மனைவி சாய்யூன், மண் குழைத்துப் பூசுவது மெங். அந்த வருஷம் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தோப்புக்குக் கூலியாள் வந்தான். வாசல் மரத்தை மட்டும் வெளியாள் தொடக்கூடாது என்றுவிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து கன்றாக அவள் கொண்டுவந்தது அது.

"கட்டை தெரிஞ்சதும் நிறுத்திடு. அதுலயும் கத்தி இறங்குனா தண்ணியும் ஏறாது."

"கை நடுங்குதே."

"கை நடுங்கட்டும். கத்தி நடுங்காமப் பாத்துக்க."

வெட்டினார். மண் பூசி பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். அன்றோடு தூக்கம் போயிற்று.

காலையில் சாய்யூன் கஞ்சி காய்ச்சும்போது அவர் நைசாகத் தாளை விலக்கி, வாசல் பக்கத்து மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே வெளுப்பாக, ஈரமாக ஏதோ இருக்கும். தோலா, புழுவா, அழுகலா? தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவார். மறுநாள் பார்த்தால் அதையும் காணோம். பயம் இன்னும் ஏறும். இன்னும் கொஞ்சம் சுரண்டுவார். இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

"என்ன தேகுய் அண்ணே, மரத்துக்குக் காமாலையா?" என்றான் பக்கத்து வீட்டு ஹௌ. அன்று மெங் இரண்டு தடவை தாளை விலக்கிப் பார்த்தார்.

சாய்யூன் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். "மண்ணு பூசி எத்தன நாளாச்சு? உன் நகத்துல மட்டும் எப்படி ஈரமா இருக்கு?"

மெங் கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவளே போய்த் தாளைப் பிரித்தாள். மூன்று பக்கம் புதுத்தோல் கரைக்குக் கரை சேர்ந்திருந்தது. வாசல் பக்கம் மட்டும் வெறும் கட்டை, காய்ந்து கிடந்தது.

"வந்த தோலத் தின்ன புழுவத் தேடவே வேணாம். நீதான்யா அது." ஒற்றைக் கையால் மண் பூசினாள். "இன்னொரு தடவ சுரண்டுன, உன்னக் கயித்துல கட்டிப் போட்டுருவேன்."

அதன்பிறகு வாசல் மரம் கண்ணில் படாமலிருக்க மெங் கொல்லைச் சுவரேறிக் குதித்துத்தான் வெளியே போனார். இலை விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது என்று சத்தியம் செய்தார். இலையுதிர்காலத்தில் காய் சிவந்தது. சேர்ந்த தோல் வழியே வேருக்குச் சாப்பாடு போயிருந்தது. வாசல் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் நிலைத்துவிட்டது.

மரம் அடுத்த முறை பூப்பதற்குள் சாய்யூனின் கை தேறிவிட்டது. ஆனாலும் கத்தியை அவரிடமே நீட்டினாள். "நீ வெட்டுனதுல குத்தமில்ல, சுரண்டுனதுதான் குத்தம்."

மெங் வாங்கிக்கொண்டார். மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கயிறு எங்க வச்சிருக்க?" என்றார்.