மைக் செட் ஊளையிட்ட மாலை

அப்பாவின் மைக் செட் காரைக்காலில் ஊளையிட்டது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை மட்டும் ஊர் பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கிறது. அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்கும், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கும், மரைக்காயர் வீட்டு நிக்காஹுக்கும் அவர் வருஷக்கணக்கில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார். பாட்டு கணீரென்று கேட்டதையும் பிரசங்கம் பிசிறில்லாமல் வந்ததையும் யாராவது சொல்கிறார்களா என்றால், இல்லை. "ஒங்கப்பா செட்டு ஒருநா பேயாட்டம் கத்துச்சே, நெனப்பிருக்கா?" என்று போன மாதம்கூட பஸ்ஸில் ஒருவர் பல்லைக் காட்டினார். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமா, அம்மாவின் தம்பி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் மாமா சுலபமாகப் பிரான்சுக்குப் போய்விட்டார். ஏழு வருஷம் கழித்து, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது லீவுக்கு வந்தார். மற்ற வீட்டு மாமாக்கள் சென்ட்டும் சட்டைத்துணியும் கொண்டுவந்தார்கள். எங்கள் மாமா ஒரு கேசட் கொண்டுவந்தார். அதைப் போட்டதும், டேப்ரிக்கார்டர் கெட்டுப்போய்விட்டதென்று பயந்து அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

கெடவில்லையாம். அதுதான் சங்கீதமாம். பழுதான ஆம்ப்ளிபயர்களை மேடையில் வரிசையாக வைத்துக் கத்த விடுவார்களாம். ஜனங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்களாம். மாமா தொழிற்சாலை வேலை முடிந்தபின் இப்படி ஒரு கோஷ்டியோடு சேர்ந்து கத்த விடுகிறவராம். சரி, அங்கேயே கத்திவிட்டுப் போகட்டுமே, யார் வேண்டாமென்றார்கள்? திருவிழாக் கலைநிகழ்ச்சியில் இங்கேயும் செய்துகாட்டப் போவதாகச் சொன்னார். பிரான்சிலிருந்து வந்தவர் என்றதும், என்ன ஏதென்று கேட்காமல் பங்குச் சாமியாரும் நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். பாக்கி இருந்தது சாமான்கள்தான். அப்பாவின் கெட்டுப்போன சாமான்கள் வேண்டும் என்றார் மாமா. நல்லது வேண்டாமாம், கெட்டதுதான் வேண்டுமாம்.

எங்கள் கொல்லைப்புற அறையில் அப்படி மூன்று கிடந்தன. ஓயாமல் உறுமும் ஆம்ப்ளிபயர் ஒன்று. உள்ளே சவ்வு கிழிந்து கரகரக்கும் குழாய் ஒன்று. பட்டை தளர்ந்து, தட்டை இழுத்து இழுத்துச் சுற்றும் ரெக்கார்ட் பிளேயர் ஒன்று. வெளியாள் கண்ணில் படாமல் அவற்றின் மேல் அப்பா சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"கெட்டுப்போனத ஊரு முன்னால வச்சா, நாளைக்கி என்னை எவன் கூப்புடுவான்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. எங்கள் சோறு அந்தக் கேள்வியில்தான் இருந்தது. பக்கத்து ஊரான நெடுங்காட்டில் புதிதாக ஒருவர் மைக் செட் வாங்கியிருந்தார். அப்பா எப்போது சறுக்குவார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். "ஏழு வருஷங் கழிச்சி வந்து ஒண்ணே ஒண்ணு கேக்குறான். அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்களே" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அப்பா சாக்கை எடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் பிற்பகலில் அப்பாவும் மாமாவும் கொல்லை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் கோழிகள் அடுத்த வீட்டுக்குக் குடிபோயின. நடுநடுவே மாமாவின் குரல் கேட்கும். "இன்னுங் கொஞ்சம்... ம்... அங்கயே நிப்பாட்டுங்க மச்சான், அங்கயே!" எனக்கு ரத்தம் கொதித்தது. சொந்த வீட்டிலேயே என் அப்பாவை எடுபிடி ஆக்கி வேலை ஏவுகிறாரே இந்த மனுஷர்! அப்பா ஏன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? வெளியே வரும்போது அவர் முகம் சிவந்து, வேர்த்து, ஒரு தினுசாக இருக்கும். அவமானத்தில் சிவந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

கலைநிகழ்ச்சி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய கும்மி, அடுத்து ஒரு நாடகம். இரண்டுக்கும் அப்பாவின் நல்ல செட் தேன்போலப் பாடியது. அதற்குப் பிறகு மாமா மேடையேறினார். காதை மறைக்கும் தலைமுடி, இறுக்கமான கால்சட்டை. "இப்ப நீங்க கேக்கப் போறது ரிப்பேர் இல்ல, சங்கீதம். பொறுமையா கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மேடை ஓரமாகப் போய்க் கைகட்டி நின்றுகொண்டார். மேடை நடுவில் அந்தக் கிழிந்த குழாயும், அதன் வாய்க்கு நேராக ஒரு மைக்கும் மட்டும் இருந்தன. மைக்கைக் குழாய்க்கு நேராக வைத்தால் ஊளையிடும் என்பது மைக் செட்டுக்காரர் வீட்டுக் குழந்தைக்குத் தெரியாதா?

முதலில் உறுமல் வந்தது. பிறகு கரகரப்பு. பிறகு ஊளை கிளம்பி, பள்ளிக்கூடக் கூரையில் இருந்த காக்கைகளையெல்லாம் கிளப்பிவிட்டது. மாமா சொன்ன ஒரு வார்த்தைகூடக் கூட்டத்தின் காதில் ஏறியிருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் உபகாரிகள். செட் கெட்டுப்போனால் சும்மா இருக்க மாட்டார்கள். "எர்த்து சரியில்லப்பா, பாரு!" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். "குழாயத் திருப்பி வைங்க!" என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து கத்தினாள். குரும்பகரத்து விவசாயி ஒருவர் எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீரே தூக்கிவந்து மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார், எர்த்துக்கு ஊற்றுவதற்காக. நெடுங்காட்டுக்காரர் மட்டும் வேப்பமரத்தடியில் சாய்ந்துகொண்டு, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி என் விலாவில் இடித்தாள். "ஒங்கப்பா செட்டு ஒப்பாரி வைக்கிதுடி." அவளை ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடினேன். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒரு சொல் வாங்காத மனுஷரை இப்படி ஊர் சிரிக்க வைத்துவிட்டாரே மாமா!

அப்பா திரைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பெட்டிகள். ஒரு கை ஆம்ப்ளிபயரின் திருகுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. இன்னொரு கை சுற்றும் தட்டின் ஓரத்தை விரலால் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்களை இறுக்க மூடியிருந்தார். பழுதைச் சரிசெய்யப் போராடுகிறார், முடியவில்லை, கடைசியில் மாதாவை வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மாமாவோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்!

எர்த் கம்பி ஈரமண்ணில் இறங்கியிருந்தால்தான் உறுமல் அடங்கும்; அதற்குத் தண்ணீர் ஊற்றுவது எந்த விசேஷத்திலும் என் வேலைதான். மண்ணிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த கம்பியை எடுத்துக் குத்தினேன். குடத்துத் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தேன். உறுமல் நின்றது. மேடைமேல் ஏறி மைக்கைக் குழாயிடமிருந்து திருப்பினேன். ஊளை நின்றது. திரும்பி ஓடிவந்து தட்டின் மேலிருந்த ஊசியைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

மைதானமே கைதட்டியது. விசில் பறந்தது. கும்மிக்குக்கூட அத்தனை கைதட்டல் கிடையாது. "மைக் செட்டுக்காரர் மவ கெட்டிக்காரிய்யா!" என்று யாரோ கத்தினார்கள். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து, ஒரு மாதா படம் கொடுத்தார். மாமா மேடைப் படியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

படத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். ஊருக்கு முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றியவள் நான். அவர் என்னைத் தூக்கிச் சுற்ற வேண்டாமா? கண்ணைத் திறந்து, தூங்கி எழுந்தவர்போல என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கை ஈரமா இருக்கு பாரு. வயரத் தொடாத."

அடுத்த வாரமே அந்த மூன்று சாமான்களையும் பிரித்து உட்கார்ந்துவிட்டார். ஆம்ப்ளிபயரின் உறுமலை எடுத்தார். குழாய்க்குப் புதுச் சவ்வு, பிளேயருக்குப் புதுப் பட்டை. மூன்றும் நல்ல சாமான்களாகிக் கல்யாண வீடுகளுக்குப் போயின. கொல்லை அறையில் பழுதென்று எதுவும் மிச்சமில்லை. அப்பா பழையபடி ஒழுங்குக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால், மாமாமேல் வந்த கோபமெல்லாம் இப்போது என்மேலேயே வருகிறது.

பிரான்சுக்குக் கிளம்பும் நாளில் மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "என் கூட்டாளிங்க எத்தன வருஷமா வாசிக்கிறானுங்க. மச்சான் அன்னிக்கி வாசிச்ச மாதிரி ஒருத்தனும் வாசிக்கலக்கா. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா..."

"அவுரா? அவுருக்கு என்னடா வாசிக்கத் தெரியும்?" என்று அம்மா சிரித்தாள்.

அந்த மாலையில் திரைக்குப் பின்னால் அப்பா செய்துகொண்டிருந்ததற்கு வாசிப்பது என்று பெயர் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு அம்மாவோடு சேர்ந்து நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா கொல்லையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.