முதல் கியரில் இருந்தும் உருண்ட ஜீப்

பழைய ஜீப் ஒன்றை வாங்குமுன், நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்க எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் ஒரு மண் சரிவுக்குப் போனோம். இறக்கத்தில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பவர் சொன்னபடி, நான்கு சக்கரத்துக்கும் இழுவையை மாற்றும், கியருக்கு அருகிலிருந்த சின்ன லீவரை இழுத்தேன்.

"இரு, முன் சக்கரம் சுத்தறத வீடியோ எடுக்கறேன்" என்று என் கணவர் இறங்கி வண்டிக்கு முன்னால் போனார். வெயிலில் போன் திரை தெரியவில்லை என்று எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

அதுவரை ஓடுவானேன் என்று எஞ்சினை அணைத்தேன். முதல் கியரில்தானே இருக்கிறது, நகராது என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஹேண்ட் பிரேக் போடும் பழக்கமே எனக்கு இல்லை.

ஜீப் சத்தமில்லாமல் உருண்டது. பதறிப்போய் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். அவர் முதுகுக்கு ஒரு ஜாண் தள்ளி பம்பர் நின்றது.

"மேடம், சின்ன லீவர் பாதியில, நியூட்ரல்ல நிக்குது. அப்போ எந்த கியர் போட்டாலும் வண்டிய பிடிக்காது" என்றார் விற்பவர்.

கணவர் திரும்பினார். "ஏன் இவ்ளோ கிட்ட வந்தே? சக்கரமே ஃபிரேம்ல வராது" என்றார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

ஜீப்பை வாங்கிவிட்டோம். இப்போது அந்த லீவரைத் தொடுமுன் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன். வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்க விடுவதில்லை.

"வண்டியில எதுக்கு இந்தக் கல்லு?" என்று கணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.