உட்கார்ந்த இடத்திலிருந்து பாய் இறக்குவது

மேனாம்பேட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பாய்மரப் படகு நிற்கிறது. வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் மாடி ஏறுவதற்கு முன்பே அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் கணவர் திருமழிசையில் ஒரு ஃபைபர் கம்பெனியில் சூப்பர்வைசர். தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்கிற இடம். ஏதோ ஒரு ரிசார்ட்டுக்காகச் சின்னப் படகுகள் செய்தார்கள், கடைசியில் ரிசார்ட்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒன்றை இவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் போவோம். அவர் பிறந்து வளர்ந்தது மேனாம்பேடு, நான் கரூர்க்காரி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் படகு ஏறியவர்கள் யாரும் கிடையாது. அவர் மொபைலில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். எனக்குச் சுக்கானைப் பிடித்து நேராக ஓட்ட மட்டும் சொல்லிக்கொடுத்தார். பாயை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அதற்குப் படகின் முன்பக்கம் போய்ப் பாய்மரத்தின் அடியில் நிற்க வேண்டும்.

போன வருடம் ஒருநாள் காற்று திடீரென்று வலுத்தது. பாயை இறக்க எழுந்து போனவர் ஈரத்தில் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மிதந்தார். ஆனால் பாய் முழுதாக விரிந்திருந்தது. படகு என்னைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. சுக்கானை விட்டு எழுந்தால் நானும் விழுவேன், உட்கார்ந்திருந்தால் அவரை விட்டு விலகுவேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தலை தேங்காய் அளவு தெரிந்தது, அடுத்த தடவை எலுமிச்சம்பழ அளவு. பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். நான் ஒரு மணல்திட்டில் போய்ச் சொருகி நின்றேன்.

அதை அவர் கம்பெனியில் எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல நாள் சமைக்கும்போதுகூட அந்த எலுமிச்சம்பழத் தலை கண்ணுக்குள் வந்து நின்றது.

“இன்னா இப்போ, நான்தான் முழுசா வந்துட்டேன்ல?” என்றார்.

“அவங்க இல்லேன்னா?”

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயை இறக்க முடிந்தால்தான் இனிப் படகில் கால் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். நான் வராவிட்டால் படகு கிளம்பாது. தனியாகப் போக அவருக்கும் தைரியம் கிடையாது, வெளியே சொல்ல மாட்டார்.

மறுவாரமே வேலையில் இறங்கினார். விஷயம் ஒன்றும் பெரியதில்லை. பாயின் மேல்முனையில் கட்டிய கயிறு பாய்மர உச்சியிலுள்ள கப்பியில் ஏறி, அடிவரை இறங்கும். அந்த நுனியை முன்பு மரத்தின் அடியிலேயே கட்டிவைப்போம். இப்போது அதை இன்னொரு கப்பி வழியாகத் திருப்பி, ஒரு இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, என் கைக்கெட்டுகிற கொக்கிவரை கொண்டுவந்தார். அது பச்சைக் கயிறு, பாயை ஏற்றுவதற்கு. அதே மேல்முனையிலிருந்து நேராகக் கீழே இறங்கி என்னிடம் வந்து சேர்கிற மாதிரி இன்னொரு கயிறு, சிவப்பு. அது இறக்குவதற்கு. பச்சையை விட்டுவிட்டுச் சிவப்பை இழுத்தால் பாய் கீழே வந்துவிட வேண்டும்.

மின்கம்பி இல்லாத பக்கமாகப் படகைத் தள்ளி, பாய்மரத்தை நிறுத்தி, குடியிருப்பே வேடிக்கை பார்க்கப் பயிற்சி எடுத்தோம். மாடியிலிருந்து ஒரு அம்மா, துணி காயப்போடவா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் பாய் சொன்னபடி கேட்டு இறங்கி வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட்டால் மீதி புரியாது. அவர் கம்பெனியில் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, எதுவும் தொங்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் ஓர் இடம், மிச்ச வயரெல்லாம் சுருட்டி பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டியிருக்கும். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சார்ஜர் வயர், மிக்சி வயர், ஜன்னல் திரையின் கயிறு எல்லாமே டேக் போட்டவைதான். மிக்சியை இரண்டடி நகர்த்த வேண்டுமென்றால் நான் கத்தரிக்கோலைத் தேட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் காற்று சுமாராக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

“இந்தா பாரு, நான் இப்போ குதிக்கிறேன். பச்சைய வுடு, செவப்ப இஸு. அவ்ளோதான்.”

“குதிக்கவெல்லாம் வேணாம். சும்மாவே இறக்கிப் பாத்துக்கிறேன்.”

“சும்மா எறக்குனா உனுக்கு நம்பிக்க வராது. இடுப்பளவு தண்ணிதான் கீது.”

குதித்துவிட்டார். நான் பச்சைக் கயிற்றைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டேன். பாய் சரசரவென்று பாதிவரை இறங்கி நின்றது. சிவப்பை இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. பாதிப் பாயே போதும் என்பதுபோலப் படகு போய்க்கொண்டிருந்தது. பின்னால் அவர் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்று புரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். தேங்காய் அளவுதான் இருந்தது தலை.

அப்போதுதான் எனக்கு முன்னால் இருந்த வளையத்தைப் பார்த்தேன். பச்சைக் கயிற்றின் மிச்ச நீளம் அழகாகச் சுருட்டப்பட்டு, கறுப்பு டேக்கால் இறுக்கிக் கட்டப்பட்டு, ஒரு பொட்டலமாக அந்த வளையத்தில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. வளையத்துக்குள் அது எப்படி நுழையும்? நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நல்லவேளை அவருக்குக் கேட்டிருக்காது. பையில் வெள்ளரிக்காய் நறுக்கக் கத்தி வைத்திருந்தேன். வளையத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் பச்சைக் கயிற்றை அறுத்தேன். அறுந்த நுனி விருட்டென்று உச்சிக்குப் போய் மறைந்தது. சிவப்பை இழுத்தேன். பாய் மொத்தமும் வந்து என் மடியிலும் தலையிலும் விழுந்தது. படகு நின்றுவிட்டது.

அவர் நீந்தி வந்து சேர நேரமாயிற்று. இடுப்பளவு என்றவருக்கு அங்கே தரையே எட்டவில்லையாம். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தவர், என்னைப் பார்ப்பதற்கு முன் கயிற்றைத்தான் பார்த்தார்.

“புதுக் கயிறு...”

நான் அந்தப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கெளம்பசொல்ல லூஸா கெடந்துச்சி. கால்ல மாட்டிக்கப் போவுதேன்னு கட்டிட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் கோபத்தில்தான் அழுதேன், பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மறுபடி பாய் ஏற்ற வழியில்லாததால் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். வழியில் வெள்ளரிக்காயை நறுக்காமல் அப்படியே கடித்துத் தின்றோம்.

இப்போதும் போகிறோம். பச்சைக் கயிறு புதிதாக வாங்கியாயிற்று. அந்தக் கத்தி என் இருக்கைக்குப் பக்கத்திலேயே ஓர் உறையில் இருக்கிறது. வீட்டில் எதுவும் மாறவில்லை, போன வாரம் வாங்கிய அயர்ன்பாக்ஸுக்கும் டேக் விழுந்துவிட்டது. ஆனால் படகில் என் காலடியில் அந்தப் பச்சைக் கயிறு அவிழ்ந்து, தாறுமாறாகக் கிடக்கிறது. முன்பக்கம் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்க்கிறார், கை பரபரக்கிறது, குனியாமல் தாண்டிப் போகிறார்.