தென்னைக்கு வளையம் கிடையாது

வடகரையில் சாலையோரத் தென்னையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரமரத்தின் வாசனை பஸ்ஸுக்குள் வந்ததும் எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

அந்த வருடம் சாரல் காற்றில் விழுந்த தென்னையை அப்பா அறுத்து, வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டிருந்தார். வெட்டிய முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அவை தண்ணீர் ஏறும் குழாய்கள் என்று பின்னால்தான் படித்தேன்.

பரீட்சையில் மரத்தண்டின் குறுக்குவெட்டை வரையச் சொன்னார்கள். தென்னை என்று எழுதிப் புள்ளிகளை வைத்தேன்.

டீச்சர் ரப்பரை நீட்டினார். “ஏட்டி, மரம்னா வளையம் இருக்கும்லா? அழிச்சிட்டு வரை, மார்க் தாரேன்.”

“எங்க பாலத்துல புள்ளிதான் டீச்சர் இருக்கு. வந்து பாருங்க.”

அவர் வரவில்லை. நான் அழிக்கவில்லை. பூஜ்யம்தான் கிடைத்தது.

பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய், வடகரைத் தென்னையின் வெட்டிய முகத்தைப் பார்த்தேன். அத்தனையும் புள்ளிகள். இன்றைக்கும் யாராவது ரப்பரை நீட்டட்டும், கையால்கூடத் தொடமாட்டேன்.