மார்க்கரின் ஒரே வெற்றி

இலங்கைத் தேயிலை மலையில், டிக்கோயாப் பக்கத்துக் கிளப் ஒன்றில் நான் டென்னிஸ் மார்க்கராக இருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரே நின்று ஆடிக் கொடுப்பதுதான் மார்க்கர் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு டென்னிஸ் ஆடியவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையை என் மனைவியைத் தவிர யாரும் கண்டுகொள்ளவில்லை.

கிளப்பில் ஓர் ஆட்டப் புத்தகம் இருந்தது. யார் யாரோடு ஆடினார், யார் ஜெயித்தார் என்று கிளப்பின் கணக்கப்பிள்ளையான கிளாக்கரய்யா எழுதுவார். துரை என்னை ஜெயித்தால் அது ஆட்டம். நான் துரையை ஜெயித்தால் அது வெறும் பயிற்சி, எழுத வேண்டியதில்லை. இப்படி யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறவுமில்லை. அத்தனை வருடத்தில் என் பெயருக்கு நேரே ஒரு வெற்றிகூடக் கிடையாது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட சாதனை!

துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறவும், கிளப்பை மூடப்போவதாகச் சொன்னார்கள். வேலையோடு நாங்கள் குடியிருந்த அறையும் போய்விடும். நுவரெலியாவில் ஒரு கிளப்புக்கு மார்க்கர் தேவையாம். பழைய ஆட்டக் கணக்கின் நகலோடு வரச் சொன்னார்கள்.

"எல்லாமே தோல்வியால்ல இருக்கு! இதப் பாத்தா எவன்யா வேலை குடுப்பான்?" என்று கிளாக்கரய்யாவிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் மனம் இளகிவிட்டது. "போன மாசம் பெரிய தொரைய நீ ஜெயிச்சியேப்பா, அத எழுதிடுறேன்" என்று நகலில் சேர்த்தார். பொய்யில்லை. துரை அன்று மட்டையை வீசியெறிந்ததைக் கிளப்பே பார்த்தது.

நுவரெலியாவில் செயலாளர் துரை என் தோல்விகளைப் பக்கம் பக்கமாகப் படித்து முகம் மலர்ந்தார். கடைசித் தாளில் விரல் நின்றது.

"இது என்ன மேன்? நீ தொரைய ஜெயிச்சதா?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் தேடுவது நன்றாக ஆடுகிறவனை அல்ல என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வீட்டில் மனைவி சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இல்லீங்க தொர. கிளாக்கரய்யா தப்பா எழுதிட்டாருங்க. நான்தான் தோத்தேன்."

சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு, திங்கட்கிழமையே வரச் சொன்னார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டு வாசலிலேயே மனைவி மறித்தாள். "வேலை கெடச்சிருச்சாங்க?"

"கெடச்சிருச்சு."

"பெரிய தொரைய ஜெயிச்சதச் சொன்னீங்களா?"

"அதத்தான் கேட்டாரு" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.