ஆடியில் கொடுத்த சாவி

அரியலூர் போகிறேன் என்று போன பதிவில் எழுதியதும், கங்கைகொண்ட சோழபுரம் பற்றி எழுதுங்கள் என்று நாலைந்து பேர் பின்னூட்டம் போட்டிருந்தீர்கள். மன்னிக்கவும். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. என் தங்கை சுமதிக்கு அரியலூரில் புது வீடு கிடைத்திருந்தது. ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுகிறாள் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து கிளம்பினேன். சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். திரும்பி வந்து வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் மதிய ரயில். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாலரை மணி நேரம். விருத்தாசலம் வரை பச்சையாக இருக்கும் ஜன்னல், அரியலூர் நெருங்க நெருங்க வெளுக்க ஆரம்பித்துவிடும். சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் ஓடுகிற ஊர். அடர்ந்த நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் மாவு சலித்தவள் மாதிரி ஆகிவிடுவீர்கள்.

சுமதியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தால் அதிசயம். இவள் சிமெண்ட் ஆலை ஒன்றின் கேன்டீனில் ஒப்பந்தத்தில் சமைக்கிறாள். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். மகள் கயலுக்கு இரண்டரை வயது. ஊர் ஓரத்தில் ஏரிக்கரைக் காலனி என்று நாற்பது குடிசை இருந்த இடத்தில் இவளுடையதும் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்தார்கள். குடிசையை எல்லாம் எடுத்துவிட்டு அதே இடத்தில் நாற்பது கான்கிரீட் வீடு, நடுவில் ஒரு பொதுக் கட்டடம். அதில் ரேஷன் கடை, வாரம் ஒரு நாள் நர்ஸ் உட்கார ஓர் அறை, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்குக் காலை ஆறரைக்கே திறக்கிற ஒரு பால்வாடி. வீடு மட்டும் கொடுத்தால் போதாது, வீட்டுப் பக்கத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று எவரோ நிஜமாகவே யோசித்துப் போட்ட திட்டம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சுமதி கையெழுத்துப் போட்டதே அந்தப் பால்வாடிக்காகத்தான்.

வீடு கட்டி முடிகிற வரை டவுனில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டுக்கார அம்மா கயலைப் பார்த்துக்கொண்டார். அறையைக் காலி செய்கிறோம் என்று சொன்ன உடனே அங்கே வேறு குடித்தனம் பேசிவிட்டார்கள். அதனால் திரும்பிப் போகிற வழியும் அடைத்தாயிற்று.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் பால் காய்ச்சினோம். அன்றைக்கே நாற்பதில் பாதி வீட்டில் பால் பொங்கியது. வாசலுக்கு வாசல் கோலம், வாழைமரம், ஒரே சத்தம். எனக்கே ஒரு வீடு வேண்டும் போல இருந்தது. டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு பொதுக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். சுவரில் முயல், பட்டம், ‘அ - அம்மா’ என்று அழகாக வரைந்திருந்தார்கள். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே கான்ட்ராக்டரின் சிமெண்ட் மூட்டைகள்.

"ஏண்டி, இன்னைக்கு லீவா?" என்றேன்.

"எல்லாரும் குடி வந்துட்டா தொறந்துடுவாங்கக்கா" என்றாள் சுமதி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னது பக்கத்து வீட்டு பாத்திமா. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், மாசமாக இருக்கிறார், இன்னும் ஒரு வாரத்தில் தாய்வீட்டுக்குப் போகப்போகிறார். வீட்டுச் சாவியை விழா நடத்திக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஆடி மாதத் தொடக்கத்தில். மேடைக்கு வரவேண்டிய பெரிய மனிதருக்கு அன்றைக்குத்தான் தோதுப்பட்டதாம். ஆடியில் யார் குடிபோவார்கள்? சாவியை வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லோரும் பழைய வாடகை இடத்துக்கே போய்விட்டார்கள். பாத்திமா மட்டும் வந்தார்.

"எங்களுக்கு ஆடி என்னக்கா, ஆவணி என்ன? பிஸ்மி சொல்லிட்டு வந்துட்டோம். நானும் எம் புள்ளையும் மட்டுந்தான். டீச்சரு சுண்டல அவிச்சு வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஆபீஸ்லேந்து ரெண்டு பேரு ஜீப்புல வந்தாங்க. மத்தவங்கள்லாம் எங்கம்மான்னு கேட்டாங்க. ஆடி முடிஞ்சு வருவாங்க சார்னு சொன்னேன். நான் சொல்லி எடுபடுமா? ஒத்தப் புள்ளைக்கு ஒரு டீச்சரான்னு சிரிச்சாங்க. அடுத்த வாரம் டீச்சரும் இல்ல, ஆயாவும் இல்ல."

எனக்குச் சுமதி மேல்தான் முதலில் கோபம் வந்தது. முன்னாலேயே வந்து குடியேறியிருந்தால் என்ன, ஆடி வந்து உன்னைக் கடித்துவிடுமா என்று கத்தினேன். "ஆரு மொதல்ல போறதுன்னுதான்க்கா எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம். ஒருத்தர் போயிருந்தா நானும் போயிருப்பேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? ரயிலுக்கே ராகுகாலம் பார்த்துக் கிளம்பியவள் நான்.

பால்வாடியைத் திறக்கச் சொல்லிக் கேட்க மறுநாள் பெரம்பலூர். அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், அடுத்த வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரிக்கப்போவதாகப் பேச்சு. இந்த விளையாட்டில் ஒரு மனு கொடுக்கக்கூட முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். முன்னால் கல் லாரி போனால் இன்னும் கூடும். கயலை மடியில் வைத்துக்கொண்டு சுமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அவள் கையிலிருந்த மனுவைப் பார்த்துவிட்டு, "மனு நாள் திங்கக்கெழமைம்மா. இன்னைக்குப் போயி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். திங்கள்கிழமை வரை கேன்டீன் மேஸ்திரி காத்திருக்க மாட்டார். அவள் லீவு அன்றோடு முடிகிறது, மறுநாள் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார்.

எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? பதினொரு மணிக்குப் போனோம், ஒன்றரை மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். அந்த சார் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், கயலுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"பாருங்கம்மா, நாங்க வந்து பாத்தப்ப ஒரு வூட்டுலதான் ஆளு இருந்துச்சு. தேவ இல்லாத எடத்துல ஸ்டாஃப் வச்சா எங்களக் கேப்பாங்க. டீச்சரு தா.பழூர் பக்கம் போயாச்சு. நர்ஸ் முறையும் மாத்தியாச்சு. இனி அடுத்த வருஷத்துக்குத்தான் எழுதணும்."

"ஆடி மாசம் சார்" என்றாள் சுமதி.

"அதெல்லாம் நாங்க எழுத முடியுமாம்மா? இன்னும் பூட்டிக் கெடந்தா வூட்டையே கேன்சல் பண்ணச் சொல்லுவாங்க. அதப் பாத்துக்கங்க."

அந்த நேரம் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தார். "சார், ஞாயித்துக்கெழமை புது வூட்டுக்குப் போறோம். குடும்பத்தோட வந்துடணும்." இவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "ஆனியிலேயே கட்டி முடிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"ஆடி குறுக்க வந்துருச்சுல்ல சார். அதான் பூட்டி வச்சிருந்தோம்."

சுமதி அவரைப் பார்க்கவில்லை. பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், அவங்க வூட்டையும் வந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். குரல்கூட உயரவில்லை.

சார் பத்திரிகையை மடித்து டிராயரில் வைத்தார். பிறகு, "அது சொந்த வூடும்மா" என்றார்.

அட பாவிகளா. அப்படியென்றால் இவளுடையது யாருடைய வீடு? கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ப்யூன் வந்து, சாப்பாட்டு நேரம் கிளம்புங்கம்மா என்று வெளியே கொண்டுவந்து விட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தோம். பாத்திமா ஊருக்குப் போகிறார். காலனியில் மற்ற பெண்கள் எல்லோரும் கல் குவாரிக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், அவர்களுக்கும் இதே தலைவலி. ஒருத்தி பிள்ளையின் காலில் சேலையைக் கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டுப் போவதாகச் சொன்னாளாம். வேலையை விட்டால் லாரிக்காரர் சம்பளத்தில் பாதி மாதம்கூட ஓடாது. வீட்டைப் பூட்டினால் வீடு போய்விடும்.

"நான் வேணா கயல கூட்டிட்டுப் போகவாடி? ஒங்க மாமா தையல் கடைய வூட்டு வாசல்லதான் வச்சிருக்காரு. பாத்துக்குவாரு" என்றேன்.

சுமதி கயலின் கலைந்த முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். டீ ஆறி ஆடை கட்டிய பிறகு, "அடுத்த வருஷம் தொறந்துடுவாங்கல்லக்கா?" என்றாள். தொறந்துடுவாங்க என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மறுநாள் ஆறேகாலுக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். கயல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் விட மாட்டாள் என்று எழுப்பவில்லை. கன்னத்தைத் தொடக் கை நீட்டி, தொடாமலே எழுந்து போய்விட்டாள். புது வீட்டின் கதவை நான் பூட்டி, சாவியைப் பாத்திமாவிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன். விருத்தாசலம் வரும்போது விழித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பெட்டி முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். விழுப்புரம் வரை அழுதாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பகல் ரயில்களுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், வார இறுதியில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் மலை முருகன் கோயிலுக்குப் பஸ் இருக்கிறது, நன்றாக இருக்குமாம், நான் பார்க்கவில்லை. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ஆபீஸ் வேலை என்றால் திங்கள்கிழமை பார்த்துப் போங்கள். அப்புறம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். போகும்போது எனக்கு இது தெரியாது. திரும்பும்போது கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.