புகைபோக்கியின் இடுப்பில் ஒரு தகரம்

மழை, மழை, ஓயாத மழை. சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் மத்தியானம் ஆனால் வானம் தவறாமல் இறங்கிவிடும். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக, கடல் தாண்டி வந்த ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நான் புகைவீட்டில் அடுப்பு பார்த்தேன். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகுப்புகை போட்டுக் காயவைக்கும் வேலை. கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் புகைபோக்கி. அதைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் அடித்திருந்த தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோனது. கரியைக் கரைத்துக்கொண்டு மழை உள்ளே சொட்டியது. தேன் நிறத்தில் வரவேண்டிய ஷீட்டில் கறுப்புக் கோடுகள்.

கங்காணி ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, அடுத்த கப்பல்ல நீயும் ஒம் பொஞ்சாதியும். தொரைகிட்ட என்னால மல்லுக்கட்ட முடியாது."

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் கரு நாங்கள் வந்த கப்பலிலேயே கலைந்திருந்தது. செய்தி கேட்டு, "கடல் மேல இன்னொருக்கா என்னால ஆகாதுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் காதில் வேறு எதுவும் ஏறவில்லை.

அவளுடைய அண்ணன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். அவரும் நானும் புகைவீட்டின் தகரக் கூரையில் ஏறினோம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்து, நடுவில் வட்டத் துளை போட்டுப் புகைபோக்கியில் மாட்டி, நான்கு ஓரமும் ஆணியடித்தோம். இடுக்கை எதனால் அடைப்பது?

"இதென்ன கேள்வி மாப்ள?" என்று மடியிலிருந்து ஒட்டுப்பாலை எடுத்தார். பால்வெட்டிய காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்தான் அது. வாளி, குடை, செருப்பு, தோட்டத்தில் எது ஓட்டையானாலும் அதுதான் மருந்து. அப்பி அழுத்தினோம். "இனிமே வானமே இடிஞ்சாலும் ஒழுகாது."

"அலமாக்! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மச்சான், நெசமாவே இடிஞ்சிடப் போவுது."

அடுப்பு மூட்டினோம். புகைபோக்கிக் குழாய் சூடேறியது. ஒட்டுப்பால் இளகி, பிசுபிசுத்து, நூல்நூலாக உள்ளே இறங்கி மேல்கழி ஷீட்டுகளில் அப்பிக்கொண்டது. பகலெல்லாம் ரப்பரோடு கிடக்கும் இரண்டு பேருக்கு, சூட்டில் ரப்பர் என்னாகும் என்று தோன்றவில்லை. மச்சான் தலையிலடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. எரியும் விறகை வெளியே இழுத்துப்போட்டேன்.

மழை வந்தது. வழுக்கும் தகரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் சரிவில் ஓடிவந்து, எங்கள் தகரத்தின் மேல்விளிம்பில் முட்டி, ஆணியடித்த இடைவெளியில் நுழைந்து, அதற்கு அடியில் போனது. மேல்விளிம்பு கூரைத் தகரத்துக்கு அடியில் போகாமல் அதன் மேலே கிடந்தது. அங்கேதான் தப்பு.

மழை விட்டதும் கூரையின் மேல் தகரத்தில் இருந்த ஆணிகளைப் பிடுங்கிக் கடப்பாரையால் நெம்பினோம். எங்கள் தகரத்தின் மேல்விளிம்பை அதற்கு அடியில் செருகினோம். கீழ்விளிம்பைக் கீழ்த்தகரத்தின் மேல் படிய விட்டோம். ஒட்டுப்பாலைச் சுரண்டி எறிந்துவிட்டு, குழாயைச் சுற்றிச் சணலைச் சிமெண்டில் தோய்த்துத் திணித்தோம்.

மறுநாள் மழை கொட்டும்போது புகைக்குள் நின்றேன். கண் எரிந்தது. தலைக்கு மேலே கூரை அலறியது. கங்காணி இருமிக்கொண்டே உள்ளே வந்தார். மேல் ஷீட்டுகளில் பிசின்போல் ஒட்டியிருந்ததைக் கண்டார். பார்வையை என் மேல் திருப்பினார். பிறகு புகைபோக்கிக்கு நேர் கீழே கையை நீட்டி நின்றார். அவர் கை நனையவில்லை.

"சரி. இந்த ஷீட்டைத் தொரை கண்ணுல காட்டாம கழிச்சுடு. தொரை கேட்ட கணக்குக்கு ஒங்க ரெண்டு பேருக்குப் பதிலா வேற ரெண்டு பேர அனுப்பணும், அதையும் பாக்குறேன்."

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"வேற ரெண்டு பேருன்னா, யாருங்க?"

சாயங்காலம் கங்காணி லயத்துக்குள் வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. எங்கள் வாசலைத் தாண்டி நடந்தார். அவள் என் கையை இறுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.